ஒரே நம்பரில் 61 கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மளிகைக்கடைக்காரர்களுக்கு ஆப் பயன்படுத்தத் தெரியவில்லை, இன்னமும் கடன் நோட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், வணிகர் சங்கங்கள் வாரம் ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஐயா நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நான் வேலை பார்ப்பது கடைக்காரர்களுக்கான அப்படியொரு கணக்கு ஆப்பைச் செய்கிற கம்பெனியில். யாருக்கு எது தெரியவில்லை என்பதை மூன்று மாதமாகக் கிட்ட இருந்து பார்த்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் என் பேச்சை வெட்டிக்கொள்ளுங்கள். அண்ணாச்சியின் பேச்சை வெட்டாதீர்கள்.

என் வேலைக்கு யூசர் ரிசர்ச்சர் என்று பெயர். பயனர் ஆய்வாளர் என்று தமிழில் சொன்னால் "பிஎச்.டி. முடிச்சிட்டியா?" என்கிறாள் அம்மா. ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், என்ன செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எதற்காக விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து வந்து ஆப் செய்கிறவர்களிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு இது ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. "கடைக்கு வர்றவன் என்ன கேக்கான், எதைத் தொட்டுப் பாத்துட்டு வாங்காமப் போறான்னு கவனிக்கதுக்குச் சம்பளமா? முப்பது வருசம் நான் அதைச் சும்மால்லா செஞ்சேன்" என்றார்.

கிண்டியில் இருக்கும் எங்கள் ஆபீசில் 140 பேர். அதில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். எனக்கு முன்பும் யாரும் இருந்ததில்லை. சந்தேகம் கேட்க மூத்தவர் கிடையாது, நான் எழுதும் அறிக்கையில் ஓட்டை கண்டுபிடிக்கவும் ஆள் கிடையாது. சேர்ந்த அன்று எனக்கு எங்கே நாற்காலி போடுவது என்பதிலேயே குழப்பம். டிசைன்காரர்கள் பக்கமா, மார்க்கெட்டிங் பக்கமா என்று பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டார்கள். அது ஒருவகையில் அதிர்ஷ்டம். காகிதம் வெளியே வரும்வரை நிற்கிறவர்கள் இரண்டு வார்த்தை பேசாமல் போவதில்லை. ஆபீசில் யாருக்கு எதில் பயம், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்த பிரிண்டர் போட்ட பிச்சை.

முதல் வாரமே பதினேழு வேலை வந்து குவிந்தது. எல்லாம் "ஒரு சின்ன சர்வே அனுப்பிடுங்களேன்" ரகம். இதற்கு முன் ஏழு வருடம் வீடு வீடாகப் போய் கருத்துக்கணிப்பு எடுத்தவள் நான். நம் ஜனங்கள் தேடி வந்தவர் முகம் வாடும்படி பதில் சொல்ல மாட்டார்கள். "ஆப் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "சூப்பரா இருக்குங்க" என்பார்கள். கூடவே ஒரு டீயும் வரவழைத்துக் கொடுப்பார்கள். அவர் அந்த ஆப்பைத் திறந்தே நாற்பது நாள் ஆகியிருக்கும். அதனால் எப்படி இருக்கிறது என்று கேட்பதையே நான் விட்டுவிட்டேன். "நேத்து கடைசியா யாருக்குக் கடன் கொடுத்தீங்க? அதை எங்க எழுதினீங்க? காட்டுங்களேன்" என்பேன். நோட்டை எடுத்தால் நோட்டு, போனை எடுத்தால் போன்.

இரண்டாவது வாரத்தில் கணக்குத் தரவு பார்க்கிற குழுவிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. சில கடைகளில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே போன் நம்பர் பதிவாகியிருக்கிறது, இது போலிக் கணக்காக இருக்கலாம், முடக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். பட்டியலில் முதலிடம் பல்லாவரத்தில் ஒரு மளிகைக்கடை. ஒரே நம்பரில் 61 பேர். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன்.

கடைக்காரர்களைப் பார்க்க மதியம் இரண்டரைதான் நேரம். காலை பத்து வரை கூட்டம், நாலரைக்கு மேல் மறுபடியும் கூட்டம். நடுவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆபீசிலோ முக்கியமான மீட்டிங் எல்லாம் மூன்று மணிக்குத்தான் வைப்பார்கள். சேர்ந்த நாள் முதல் பாதி மீட்டிங்குக்கு நான் போனதில்லை. அதற்கும் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். போன வேகத்தில் ஒரு தப்பு செய்தேன். கம்பெனி வக்கீல் எழுதிக்கொடுத்த ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி, இரண்டு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். 'தங்களது தனிப்பட்ட தரவுகள் ஆய்வு நோக்கங்களுக்காகச் செயலாக்கப்படுவதற்கு' என்று தொடங்கும். அண்ணாச்சி இரண்டு வரி படித்தார், பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "லோன் ஏதும் வேண்டாம்மா." 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்பது தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் கிடைக்க வேண்டும் என்கிறது. தமிழும் அந்த அட்டவணையில் உண்டு. தமிழில்தான் கொடுத்தேன். ஆனால் அது யார் பேசுகிற தமிழ்? படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வாயாலேயே சொன்னேன்: "நீங்க கணக்கு எழுதுறதைப் பாத்துட்டு போவேன் அண்ணாச்சி. வேண்டாம்னா எப்ப வேணாலும் எழுந்து போகச் சொல்லலாம். உங்க பேரு எங்கயும் வராது." ஊர் எது என்று கேட்டார். கோவில்பட்டி என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அந்த 61 பேர் சங்கதியைக் கேட்டேன். சிரித்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து நீளக் கணக்கு நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்'. உள்ளே 'பச்சை கேட் டீச்சர்', 'மாடிவீட்டு நர்ஸம்மா', 'ஆட்டோ (குள்ளம்)', 'பாட்டி, பேரன் வருவான்'. ஒருவருக்கும் போன் நம்பர் கிடையாது. பேரே பலருக்குக் கிடையாது. எங்கள் ஆப்போ நம்பர் போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது.

"நம்பர் கேட்டா கொடுக்க மாட்டாங்களா அண்ணாச்சி?"

"கேட்டா கொடுப்பாங்க. நான்தான் கேக்கல. ஏன்னு கேளு."

போனைத் திறந்து குறுஞ்செய்திப் பெட்டியைக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள ஒரே செய்தி. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் நிலுவைத் தொகை ரூ. 1,240. உடனடியாகச் செலுத்தவும்.' கீழே அவர் கடைப் பெயர். மாதம் பிறந்ததும் எங்கள் ஆப் தானாகவே வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற நினைவூட்டல் அது. 61 பேருக்கும் தன் நம்பரையே போட்டிருந்ததால் 61 செய்தியும் அவருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் தனக்குத் தானே வட்டிக்காரனாகி மாதாமாதம் மிரட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"பன்னெண்டு வருசமா டீச்சர் நம்ம கடையிலதான் சாமான் வாங்குது. சம்பளம் வந்த அன்னைக்கு அதுவா வந்து கொடுத்துட்டுப் போயிரும். அதுக்கு 'உடனடியாச் செலுத்தவும்'னு என் கடைப் பேர்ல ஒரு மெசேஜ் போனா என்ன ஆகும்? பாக்கியை அன்னைக்கே கொண்டாந்து வைக்கும். மறுநாள்ல இருந்து எதிர்க்கடைக்குப் போயிரும். பாக்கி வந்துருச்சுன்னு உங்க கம்பெனி சந்தோசப்படும். டீச்சர் போயிருச்சே, அதை எந்தக் கணக்குல எழுத?"

கடிதம் எழுதிய ஐயாவுக்கு நான் சொல்ல வருவது இதுதான். அண்ணாச்சிக்கு ஆப் தெரியாமல் இல்லை. எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் ஆப் என்ன செய்யும் என்று அவருக்கு எங்கள் இன்ஜினியர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அதன் வாயை அடைத்திருக்கிறார். எங்கள் பட்டியலில் அவர் போலி. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கணக்கை முடக்கியிருப்போம். அவரும் ஒன்றும் சொல்லாமல் நோட்டுக்குத் திரும்பியிருப்பார். நீங்களும் நானும் 'இவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது' என்று எழுதியிருப்போம்.

அதே நோட்டில் இன்னொன்றும் பார்த்தேன். பணம் வந்ததும் அண்ணாச்சி அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுக்கிறார். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரியும். ஆறு மாதம் கழித்து "அன்னைக்கே கொடுத்துட்டேனே" என்று யாராவது வந்தால் நோட்டைத் திருப்பி அவர்கள் பக்கமாக வைத்துவிடுவார். எங்கள் ஆப்பில் கணக்கு தீர்ந்ததும் அந்தப் பெயர் முதல் திரையிலிருந்து மறைந்து, மூன்று இடம் தட்டினால் வருகிற ஓர் அறைக்குள் போய்விடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று செய்திருந்தார்கள். கடன் கணக்கில் சுத்தத்தைவிடச் சாட்சி முக்கியம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் நோட்டில் அந்தக் கோடுகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை போனபோது இன்ஜினியர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இருபத்து நாலு வயதுத் தம்பி. குரோம்பேட்டையில் ஒரு அக்கா கடை. தம்பிக்கு ஒரே நிபந்தனை: என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வருவது இயல்பு, அதனால் போனில் எழுத்தளவை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். பெயரைத் தேடினார், 180 என்று அடித்தார். அப்புறம் நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், திரையை ஒரு முறை துடைத்தார். பின்பக்க அம்புக்குறியைத் தட்டினார். 180 போய்விட்டது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் போனது.

"எழுதுறேன், மறந்துடுது" என்றார் அக்கா. "எனக்குத்தான் மறதின்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு. இதுக்கு என்னைவிட மறதி."

எழுத்து பெரிதானதும் 'சேமிக்கவும்' பொத்தான் திரைக்குக் கீழே இறங்கி, எண் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. அதன் நெற்றி மட்டும் ஒரு கோடு போலத் தெரிந்தது. ஆங்கிலத்தில் நாலு எழுத்து. தமிழில் பொத்தான் அகலம் போதாமல் இரண்டு வரியாக மடிந்து இன்னும் கீழே தள்ளியிருக்கிறது. தம்பி ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் முடியாமல், "அக்கா, கீழ தள்ளுங்க, கீழ..." என்று எழுந்தே விட்டார். அக்கா பதறிப்போய் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். திரும்பும்போது ரயிலில் தம்பி பேசவே இல்லை. கிண்டியில் இறங்கும்போது மட்டும், "எங்க டீம்ல எல்லார் போன்லயும் சின்ன எழுத்துதான்" என்றார். அந்தக் குழுவில் மூத்தவருக்கே 34 வயது. இரண்டே நாளில் பொத்தான் மேலே வந்துவிட்டது. நான் அறிக்கை எழுதக்கூடத் தேவைப்படவில்லை.

எல்லாம் அப்படி நடந்துவிடவில்லை. ஆபீசில் முதல் தடவை என் கண்டுபிடிப்புகளைச் சொன்னபோது மார்க்கெட்டிங் தலைவர் கேட்டார்: "எத்தனை கடை பாத்தீங்க?" ஐந்து என்றேன். "அஞ்சு கடையை வச்சு இத்தனை ஆயிரம் கடைக்கு முடிவெடுக்கணுமா?" நியாயமான கேள்விதான். இதற்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய பதில் உண்டு. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இருவர் 1993-இலேயே கணக்குப் போட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த வடிவமைப்புகளில் இருந்த குறைகளில், சராசரியாக ஒரு ஆளை உட்காரவைத்துப் பார்த்தாலே 31 சதவீதம் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது ஆள் கொஞ்சம் அதையேதான் காட்டுவார், கொஞ்சம் புதிதாகக் காட்டுவார். ஐந்து ஆளில் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடும். படியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய ஆயிரம் பேர் காலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எத்தனை சதவீதம் கடைக்காரர்கள் நினைவூட்டலை வெறுக்கிறார்கள் என்று கேட்டால் ஐந்து கடையை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்த வித்தியாசத்தை விளக்கவே பாதி நேரம் போனது. பிறகு அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கியிருந்த அனுமதியோடு அவர் குரலை ஒலிக்கவிட்டேன். 'டீச்சர் போயிருச்சே, அதை எந்தக் கணக்குல எழுத?' அறையில் யாரும் பேசவில்லை.

போன் நம்பர் இனி கட்டாயமில்லை என்று அன்றே முடிவானது. நினைவூட்டல் தானாகப் போகக் கூடாது, கடைக்காரர் தட்டினால்தான் போக வேண்டும் என்பதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் எங்கள் ஆப்பின் சிறப்பம்சம் என்று விளம்பரமே இருக்கிறதாம். 'நிலுவை' போய் 'பாக்கி' வந்திருக்கிறது, அதற்கும் ஒரு மாதம் ஆனது. 'பாக்கி' தமிழா என்று ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். கடையில் நின்று 'நிலுவை எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

பயிற்சி வகுப்பு வைத்தால்தான் கடைக்காரர் கற்றுக்கொள்வார் என்பவர்கள் கடை வாசலையே பார்க்கலாம். யு.பி.ஐ. 2016-இல் வந்தது. இன்று இளநீர் வண்டியிலும் அதன் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்று எவ்வளவு பணம் வந்தது என்று சத்தமாகச் சொல்கிறது. அதற்கு எந்தச் சங்கம் எங்கே வகுப்பு எடுத்தது? கை இரண்டும் அரிசி மூட்டைக்குள் இருக்கும்போது வாடிக்கையாளர் நீட்டுகிற போனை எட்டிப் பார்க்க முடியாது, பார்த்தாலும் அது முன்பு எப்போதோ பணம் அனுப்பியதன் படமா என்று தெரியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்கு யாரோ ஒரு பெட்டி செய்து கொடுத்தார்கள். கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்.

இது கடன் நோட்டோடு முடிகிற விஷயம் இல்லை. ஆன்லைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்து கண் சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் கண் சிமிட்டும் என்று எங்கோ ஒரு அறையில் யாரோ நினைத்திருக்கிறார்கள். எல்லாருடைய போன் நம்பரும் கடைக்காரரிடம் இருக்கும் என்று எங்கள் அறையில் நாங்கள் நினைத்தது மாதிரி. அந்த அறையில் அன்று என்னைப் போல் ஒருத்தி இருந்தாளா என்று தெரியாது. இருந்திருந்தால் பிரிண்டர் பக்கத்தில் உட்காரவைத்திருப்பார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு ஆப்போ, வங்கி ஆப்போ, எங்களுடையதோ, கையில் நோட்டும் தயக்கமுமாக யாராவது உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டால், முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். ஓ.டி.பி., பின் நம்பர், ஆதார் இதில் எதைக் கேட்டாலும் விரட்டிவிடுங்கள். எங்கள் வேலைக்கு அது எதுவும் தேவையில்லை. இவ்வளவும் சரியாக இருந்தால், டீ கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, 'சூப்பரா இருக்கு' மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையோடு ஆபீசுக்குத் திரும்பினால் எங்களுக்கு ஒரு நாள் வீண்.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு ஓர் அழைப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு மறுபடியும் பல்லாவரம் போகிறேன். நம்பர் கேட்காத புதிய ஆப்பை அண்ணாச்சி முதல் முறையாகத் திறக்கப் போகிறார். 'பச்சை கேட் டீச்சர்' என்று அவர் அடிக்கும்போது எது இடிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது, ஏதோ ஒன்று இடிக்கும். ஐயா விரும்பினால் கூட வரலாம், உங்கள் வழியாகத் தகவல் சொன்னால் போதும். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன், இன்னொரு ஸ்டூல் இருக்கிறதாம். பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தம்பியின் ஒன்பது நிமிடத்தை அவர் தாண்டுகிறாரா பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.

(பெயர் போட வேண்டாம். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.)